முப்பத்தொரு சிவப்புக் குறிப்புகள்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் ஏ 26 வீதியில் குண்டசாலையைக் கடந்து வந்தால் பல்லேகல. வெளிநாட்டிலிருக்கும் நண்பர்களுக்கு இவ்வூரை அறிமுகப்படுத்துவது இலகு. கிரிக்கெட் மைதானம் என்றால் போதும். இலண்டனிலிருப்பவரும் ரொறொன்ரோவிலிருப்பவரும் உடனே புரிந்துகொள்வார்கள். 2011 உலகக் கிண்ணப் போட்டிகளை முன்னிட்டு 2009 இல் திறக்கப்பட்ட மைதானம் அது. அதைவிட ஒரு கைத்தொழிற்பேட்டையும் மாகாண சபை அலுவலகங்களும் ஒரு சிறைச்சாலையும் இங்கு உள்ளன. பேராதனையில் கலைப்பட்டம் பெற்று, பத்திரிகைத் தொழிலில் ஏறத்தாழ மூன்று தசாப்தங்களை ஓட்டிவிட்ட நானும் இங்கேதான் குடியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், கண்டியில் அலுவல்களை முடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்திறங்கினேன். கைத்தொழிற்பேட்டையில் வேலை முடிந்து திரும்பும் பெண்கள் எதிர்ப்புறத் தரிப்பிடத்தில் கூட்டமாக நின்றார்கள். அவர்களிலிருந்து ஒருவர் வீதியைக் கடந்து ஓடிவந்தார். "சேர், என்னைத் தெரியுதா?"

முகம் தெரியவில்லை, குரல் தெரிந்தது. அதில் வியப்பில்லை. அவரது முகத்தை நான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. 2020 ஆம் ஆண்டில், திரையில் பெயர் மட்டும் எழுதிய கறுப்புக் கட்டமொன்றிலிருந்து அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். அப்போது நான் நடத்திய இதழியல் வகுப்பின் மாணவி அவர். மூன்றாவது ஒப்படைக்குப் பின்னர் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

"ஏன் மகள் நிப்பாட்டினீங்க?" என்று கேட்டேன். சிக்னல் இல்லை, டேட்டாவுக்குப் பணமில்லை என்ற பதிலையே எதிர்பார்த்தேன். ஐந்தாண்டுகளாக அப்படித்தான் எனக்கு நானே சொல்லி வந்திருந்தேன்.

"நீங்க திருத்தி அனுப்பின கட்டுரையைத் தொறந்து பாத்தேன் சேர். முழுக்கச் செவப்பா இருந்துச்சு. மூடி வச்சிட்டேன்" என்றார், சிரித்துக்கொண்டே. அவரது பஸ் வந்துவிட்டது. தொலைபேசி இலக்கத்தைத் தந்துவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்புடன்தான் நான் அன்றிரவு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வகுப்புக்கு நான் வந்து சேர்ந்த கதையைச் சொல்லவேண்டும். 2020 மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டன. 20 ஆம் திகதி நாடளாவிய ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. பல்கலைக்கழகங்கள் லேர்ன் எனப்படும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் ஊடாக சூம் வகுப்புகளை ஆரம்பித்தன. அதற்கான டேட்டாவைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சில மாதங்கள் கட்டணமின்றி வழங்கின. தனியார் டிப்ளோமா மாணவருக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை. அப்படியான ஒரு நிலையத்தில்தான் மாலைநேர விரிவுரையாளராக இருந்தேன். நிலையத்தின் பெயர் இங்கு தேவையில்லை, பிழை என்னுடையது. நேரில் நடந்த வகுப்பு, ஒரு வாரத்தில் எனது மேசைக் கணினிக்குள் குடிவந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள். பாதிப் பேர் மலையகத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். இந்த மாணவியின் வீடு தெல்தெனியவைத் தாண்டி, ரங்கலைப் பக்கத்தில் ஒரு தோட்ட லயத்தில் இருந்தது. வீட்டிலிருந்த ஒரே கையடக்கத் தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

திருத்துவது எப்படி என்று எனக்கு எவரும் கற்பித்ததில்லை. நான் திருத்தப்பட்ட விதத்திலேயே திருத்தினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பத்திரிகை அலுவலகத்தில் சேர்ந்தபோது, எங்கள் செய்தி ஆசிரியரிடம் சிவப்புப் பேனா ஒன்று இருந்தது. கையால் எழுதிக்கொண்டுபோன தாளை வாங்கி, முகத்தைப் பாராமலே வெட்டுவார். "இது செய்தியா, கல்யாணப் பத்திரிகையா?" என்று ஓரத்தில் எழுதுவார். முதல் ஆறு மாதங்களில் எனது வாக்கியம் ஒன்றேனும் முழுதாக அச்சேறியதாக நினைவில்லை. "அந்தச் சிவப்பு மைதான் என்னை ஆளாக்கியது" என்று வகுப்புகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. இரவுப் பதிப்பு அச்சுக்குப் போனபின், அதே மனிதர் என்னைக் கூட்டிக்கொண்டு வீதிக்கு அப்பாலிருந்த தேநீர்க் கடைக்குப் போவார். இரண்டு பிளேன்டீ சொல்லுவார். சட்டைப்பையிலிருந்து எனது தாளை எடுத்து விரிப்பார். ஏன் அந்தப் பந்தியை மேலே கொண்டுபோனேன், இந்தச் சொல்லை ஏன் வெட்டினேன் என்று சொல்லுவார். நான் எதிர்த்து வாதாடுவேன். சிலவேளை, "ஓம், அதை விட்டிருக்கலாம்" என்று ஒப்புக்கொள்வார். அவமானத்தோடு நான் தனியாக இருந்தது மாலை ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரையில் மட்டுமே. அதற்குப் பிறகு ஒரு முகம் எதிரே வந்துவிடும்.

2020 இல் சிவப்பு மையை மட்டும் எடுத்துக்கொண்டு தேநீர்க் கடையை விட்டுவிட்டேன்.

ஒப்படை இதுதான்: தமது ஊரைப் பற்றி 600 சொற்களில் ஒரு விவரணக் கட்டுரை. அந்தப் பிள்ளை தன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தார். நான் நள்ளிரவில், ஊரடங்கின் சலிப்போடும் பத்திரிகையின் பக்கங்கள் குறைக்கப்பட்ட கவலையோடும், கணினியில் அதைத் திறந்தேன். வெட்டிய சொற்கள் யாவும் சிவப்புக் கோட்டோடு நிற்கும்படியான வசதியை இயக்கிக்கொண்டு திருத்தினேன். ஓரத்தில் 31 குறிப்புகள் எழுதினேன். 42 புள்ளிகள். மின்னஞ்சலில் அனுப்பினேன். "அனுப்பப்பட்டது" என்று திரை சொன்னது. கடமை முடிந்ததென்று உறங்கப் போனேன்.

பஸ் தரிப்பிடச் சந்திப்புக்குப் பின், பழைய கணினியைத் தேடியெடுத்து அக்கோப்பைத் திறந்தேன். முதற் குறிப்பு: "தொடக்கம் இல்லை." ஏழாவது: "யார் சொன்னது?" பன்னிரண்டாவது: "இது கட்டுரையல்ல, புலம்பல்." வாசிக்க எனக்கே கூசியது. இருபத்துமூன்றாவது குறிப்புக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. ஊரடங்கு நாட்களிலும் தோட்டங்களில் வேலை நிறுத்தப்படவில்லை என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். நாடே வீட்டுக்குள் இருந்தபோதும் கொழுந்து பறிக்கப் பெண்கள் மலையேறினார்கள். தன் பாட்டி காலையில் கூடையை மாட்டிக்கொண்டு புறப்பட்டதை விவரித்துவிட்டு, கட்டுரையின் நடுவில் அந்தப் பிள்ளை ஒரு வாக்கியம் எழுதியிருந்தார்: "கொழுந்துக்கு ஊரடங்கு இல்லை." அதனருகே நான் எழுதியிருந்தது: "இந்த வாக்கியத்திலிருந்துதான் ஆரம்பித்திருக்கவேண்டும். இதை எழுதத் தெரிந்தவருக்கு மற்றவையெல்லாம் பழகினால் வந்துவிடும்."

மறுநாள் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அந்தக் குறிப்பை அவர் பார்க்கவேயில்லை. சிறிய திரையில் எனது குறிப்புகள் எழுத்தாகத் தெரியவில்லை. ஓரத்தில் சிறு அடையாளங்களாக மட்டுமே நின்றன. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டால் விரியும் என்பது அவருக்குத் தெரியாது. வாக்கியங்களின் குறுக்கே ஓடிய சிவப்புக் கோடுகள்தான் தெளிவாகத் தெரிந்தன. அதோடு, கீழே 42 என்ற எண். லயத்துக்கு மேலே சிக்னல் கிடைக்கும் ஒரு பாறையருகே, தம்பி தொலைபேசியைக் கேட்டு அழுதுகொண்டு நிற்க, அவர் அதைத் திறந்திருக்கிறார். சில வினாடிகள் பார்த்துவிட்டு மூடியிருக்கிறார். என்னுடைய இரண்டு மணிநேர உழைப்பு அவரிடம் போய்ச் சேர்ந்தது இந்த வடிவத்தில்தான்.

பாறையைப் பற்றிச் சொல்வது மிகைப்படுத்தல் என்று எவரும் எண்ணவேண்டாம். 2021 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் வெளியிட்ட செய்தியொன்று உலகெங்கும் போனது: பொஹிட்டியாவ என்ற கிராமத்தில் ஆசிரியையும் மாணவர்களும் இணையத் தொடர்புக்காகப் புதர்களுக்கூடாக மலையுச்சிக்கு நடந்து போனார்கள். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் சிக்னலைப் பற்றி மட்டுமே பேசினார்கள். உச்சிக்கு ஏறிய பிள்ளையின் கையில் என்ன பதில் வந்து விழுந்தது, அதை எந்த மனநிலையில் வாசித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. செய்தியாளனான நானும் கேட்கவில்லை.

ஓய்வு நேரம் அதிகரித்துவிட்டதால், பின்னூட்டல் பற்றிய ஆய்வுகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். தாமதமாக என்றாலும் வாசித்தேன். 1988 இல் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பாடசாலை மாணவரிடையே செய்த ஆய்வு ஒன்று என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. ஒரு குழுவுக்குப் புள்ளி மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் ஆர்வத்தோடு முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களோ, புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண் வந்து விழுந்தவுடன் குறிப்பு செத்துவிடுகிறது.

1996 இல் குளூகர், டெனிசி ஆகிய இருவர், அதுவரை அளவிடப்பட்ட 607 விளைவுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பின்னூட்டல் நன்மை தந்தது. ஆனால் மூன்றிலொரு பங்குக்கும் அதிகமானவற்றில், பின்னூட்டலுக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது! அவர்கள் தந்த விளக்கம் எளிமையானது: கவனம் செய்த வேலையிலிருந்து விலகி "நான் எப்படிப்பட்டவன்" என்பதன்மேல் போய்விட்டால், வேலை கெடுகிறது. எனது பன்னிரண்டாவது குறிப்பை நினைத்துக்கொண்டேன். "புலம்பல்" என்ற சொல்லில் அந்தப் பிள்ளை திருத்திக்கொள்ள எதுவுமில்லை. வாசித்திருந்தால் நொந்துகொள்ள மட்டுமே முடிந்திருக்கும்.

மனம் ஒரு வேளையில் சுமக்கக்கூடியது கொஞ்சம்தான். வெட்கமும் பயமும் அந்த இடத்தை நிரப்பிவிட்டால், வாக்கிய அமைப்பைப் பற்றிய என் உபதேசத்துக்கு அங்கே இடமில்லை. நேரில் இருந்தால் ஆசிரியர் அதைக் கண்டுகொள்வார். பிள்ளையின் கண் கலங்குகிறது என்று தெரிந்ததும் நல்ல ஆசிரியர் பேச்சை நிறுத்துவார், அல்லது வேறு பக்கத்தைத் திருப்புவார். எனது கோப்பு நிறுத்தவில்லை. அது 31 குறிப்புகளையும் ஒரே கணத்தில் கொண்டுபோய்க் கொட்டியது.

இன்னொரு விடயமும் இருக்கிறது. மலையகப் பிள்ளைக்கு நகரத்துக்காரர் ஒருவர், பத்திரிகைக்காரர் என்ற பட்டத்தோடு, குறை சொல்கிறார். அது எழுத்துக்கான குறையா, எழுதியவரின் பிறப்பிடத்துக்கான குறையா? இந்தச் சந்தேகம் அவர்களுக்கு வருவதில் நியாயமுண்டு. மூன்று தலைமுறையாகப் பள்ளிக்கூடத்திலும் அலுவலகங்களிலும் அனுபவித்தது அது. அமெரிக்கப் பாடசாலையொன்றில் டேவிட் யேகரும் சகாக்களும் நடத்தி 2014 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. ஆசிரியரின் திருத்தங்களோடு ஒரு சிறு சீட்டை இணைத்தார்கள். உன்னிடமிருந்து உயர்ந்ததை எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்டமுடியும் என்பதாலேயே இவற்றை எழுதுகிறேன் என்பது அதன் சாரம். பொதுவான வேறொரு சீட்டைப் பெற்ற கறுப்பின மாணவர்களில் நூற்றுக்கு 17 பேரளவிலேயே கட்டுரையைத் திருத்தி எழுதினார்கள். இந்தச் சீட்டைப் பெற்றவர்களில் 70 வீதத்துக்கும் மேல். திருத்தங்கள் இலேசாக்கப்படவில்லை. அவை எங்கிருந்து வருகின்றன என்பது மட்டும் சொல்லப்பட்டது. என் செய்தி ஆசிரியர் இதைத்தான் தேநீர்க் கடையில் வாய்விட்டுச் சொல்லாமல் சொல்லியிருக்கிறார் போலும்.

குறை சொல்வதில் மட்டும்தான் பிரச்சினை என்றில்லை. அதே காலத்தில் எங்கள் அயல்வீட்டுச் சிறுவன் தரம் 5 இல் படித்துக்கொண்டிருந்தான். அப்பியாசக் கொப்பியைப் படம்பிடித்துத் தாயின் தொலைபேசியிலிருந்து வட்ஸ்அப்பில் டீச்சருக்கு அனுப்புவான். பிறகு முற்றத்துக்கும் வீட்டுக்குமாக நடை. இரண்டு கோடுகளும் நீலமாக மாறியதும், "டீச்சர் பார்த்திட்டா!" என்று கத்துவான். பிறகு ஒன்றும் வராது. இரவு எட்டு மணிக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். "எல்லாருக்கும் இதுதான் போடுறா" என்று ஒருநாள் என்னிடம் முறையிட்டான். அந்த டீச்சரைக் குறை சொல்லமாட்டேன். நாற்பது கொப்பிகளின் மங்கலான படங்களைத் தன் சொந்தத் தொலைபேசியில், தன் சொந்தப் பணத்தில் பெரிதாக்கிப் பார்த்த எத்தனையோ ஆசிரியர்களில் அவரும் ஒருவர். 2021 ஜூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்வைத்து இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது, கட்டைவிரலும் நின்றுபோனது. சிறுவன் சில நாட்கள் படம் அனுப்பிக்கொண்டே இருந்தான். பிறகு பட்டம் விடப் போய்விட்டான்.

இயந்திரமே திருத்தும் வினாக்களில் இந்த நோவு இல்லை என்பார்கள். அதில் உண்மையுண்டு. 1954 இல் ஸ்கின்னர் தன் கற்பிக்கும் இயந்திரத்தைப் பற்றி எழுதியபோது, உடனடிப் பதில்தான் அதன் பெரும் பலம் என்றார். இன்று மூடில் போன்ற கற்றல் தளங்கள் அதையே செய்கின்றன. (மூடிலை உருவாக்கிய மார்ட்டின் டூகியமாஸ், மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் வானொலி வழியாகப் பாடம் படித்து வளர்ந்தவர். தொலைவில் இருந்து கற்பதன் தனிமை தெரிந்தவர்.) என் வகுப்பிலும் எழுத்துப்பிழை வினாக்களை இப்படிக் கொடுத்தேன். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் அங்கே உற்சாகமாக இருந்தார்கள். பிழை விட்டால் பார்ப்பதற்கு எவரும் இல்லை. ஆனால் சிலர் பச்சை நிறம் வரும்வரை நான்கு விடைகளையும் வரிசையாக அழுத்திவிட்டு நூற்றுக்கு நூறோடு வெளியேறினார்கள். வெட்கமும் இல்லை, யோசனையும் இல்லை.

எங்கள் மைதானத்தில் ஆட்டமிழந்தவர் திரும்பி நடக்கும்போது, அவர் விட்ட பிழையையே பெரிய திரையில் மூன்று கோணங்களில் காட்டுவார்கள். ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலர் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள். பெரும்பாலோர் குனிந்துகொண்டே உடைமாற்றும் அறைக்குப் போய்விடுவார்கள். அங்கே பயிற்சியாளர் இருப்பார். வகுப்புப் புள்ளிப் பட்டியலை வட்ஸ்அப் குழுவில் போடும் ஆசிரிய நண்பர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. உடைமாற்றும் அறை எங்கே?

இப்போது செயற்கை நுண்ணறிவின் காலம். என் தற்போதைய மாணவர்களில் சிலர் கட்டுரையை எனக்கு அனுப்புமுன் சட்ஜிபிடியிடம் காட்டுகிறார்கள். "அது ஏசாது சேர்" என்றார் ஒருவர். உண்மைதான்; முதலில் பாராட்டிவிட்டுத்தான் குறை சொல்கிறது, எந்த நேரத்திலும் சொல்கிறது, எத்தனை தரம் கேட்டாலும் சலிப்பதில்லை. நள்ளிரவில் திருத்திய என்னைவிட அது பண்பானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அதன் பாராட்டை அந்த மாணவர் இரண்டாம் நாளே நம்புவதை நிறுத்திவிட்டார். எல்லாக் கட்டுரைக்கும் அதே பாராட்டு. அயல்வீட்டுச் சிறுவனின் கட்டைவிரல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

பழைய மாணவியிடம் வருகிறேன். கட்டுரையைத் திரும்ப அனுப்பச் சொன்னார். மின்னஞ்சலில் அனுப்ப மனம் வரவில்லை. சிவப்புக் கோடுகள் அத்தனையையும் நீக்கி, அவர் எழுதியது எழுதியபடியே தாளில் அச்செடுத்தேன். 31 குறிப்புகளில் மூன்றை மட்டும் பென்சிலால் ஓரத்தில் எழுதினேன். புள்ளி போடவில்லை. இருபத்துமூன்றாவது குறிப்பை மட்டும் ஒரு சொல்லும் மாற்றாமல் முதலாவதாக எழுதினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதே தரிப்பிடத்தில் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். பக்கத்திலிருந்த தோழி எட்டிப் பார்த்தபோது தாளை மறைக்கவில்லை. பாட்டி இறந்து மூன்று வருடங்களாகிவிட்டதாகச் சொன்னார். பிறகு அந்த வாக்கியத்தில் விரலை வைத்து, "இதை அன்னைக்கு மொதல்ல போட்டிருக்கலாமே சேர்" என்றார். ஆமென்றேன். வேறு என்ன சொல்வது?

திருத்தி எழுதித் தந்தாரா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இன்னும் இல்லை. தொழிற்சாலையில் மேலதிக நேர வேலை அதிகம் என்கிறார். தாள் சாப்பாட்டுப் பைக்குள்தான் இருக்கிறதாம். ஓரங்களில் பருப்புக் கறி பட்டுவிட்டது, இன்னொரு பிரதி கிடைக்குமா என்று சென்ற வாரம் கேட்டார். அச்செடுத்து வைத்திருக்கிறேன்.